சாட்சிக் கோட்டில் அம்மாவின் கையெழுத்து

மார்ச் 4

அக்காவுக்கு,

நேற்று போனைப் பட்டென்று வைத்துவிட்டாய். ஒரு விதத்தில் நல்லதுதான். நாம் இரண்டு பேரும் கத்த ஆரம்பித்ததும் அம்மா எழுந்து வந்துவிட்டாள். மறதியில் இன்னும் நர்ஸ் வேலையில் இருக்கிற நினைப்பு, வார்டில் ஏதோ தகராறு என்று எண்ணிவிட்டாள். "பேஷண்டுங்க தூங்கறாங்க, வெளிய போய்ப் பேசுங்க" என்று என்னைத் தெருவில் நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டாள். கால் மணி நேரம் செருப்பு இல்லாமல் நின்றேன். இனிமேல் எழுதிக்கொள்வோம். கடிதத்தில் நீ எவ்வளவு கத்தினாலும் அவள் தூக்கம் கெடாது.

நீ முழுதும் கேட்கவில்லை, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். அம்மாவின் இடது மார்பில் இருப்பது புற்றுக்கட்டிதான் என்று முடிவு வந்ததும், அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்ததும் உனக்குத் தெரியும். அதை நான் தள்ளிவைக்கச் சொன்னேன் என்றவுடன் "உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு" என்றாய். ஏன் சொன்னேன் என்று கேட்கவே இல்லை.

போன வெள்ளிக்கிழமை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கக் கூப்பிட்டார்கள். ஒரு இளம் டாக்டர் நின்றபடியே மூன்று நிமிடம் பேசினார். அம்மா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "சரி டாக்டர், சரி டாக்டர்" என்று தலையாட்டினாள். முப்பத்தொரு வருஷம் நர்ஸாக இருந்தவள் டாக்டரிடம் வேறென்ன சொல்வாள்? படிவத்தை நீட்டியதும் பேனாவை வாங்கினாள், சுவர்க் கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தாள், கையெழுத்துப் போட்டுப் பக்கத்தில் ஊழியர் எண்ணையும் நேரத்தையும் எழுதினாள். 10.40. எழுத்து கொஞ்சமும் கோணவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்து நகலைப் பிரித்தபோதுதான் கவனித்தேன். கையெழுத்து இருந்தது 'நோயாளி' என்ற கோட்டில் இல்லை. கீழே 'சாட்சி' என்ற கோட்டில் இருந்தது. எத்தனை ஆயிரம் படிவத்தில் அவள் கை போய் நின்ற இடம் அது! டாக்டர் அதிலிருந்து மேல் கோட்டுக்கு ஒரு அம்புக்குறி இழுத்துவிட்டிருந்தார்.

சாயங்காலம் மெதுவாகக் கேட்டேன். "ஆஸ்பத்திரில எதுக்கும்மா கையெழுத்துப் போட்ட?"

"ஜன்னலோரப் பெட்டு அம்மாவுக்கு. மார்புல கட்டியாம், பாவம். கூட ஒரு பொண்ணு வந்திருந்தா. சரியான பயந்தாங்கொள்ளி. டாக்டரை ஒரு கேள்வி கேட்கத் தெரியல அதுக்கு."

அந்தப் பயந்தாங்கொள்ளி நான்தான் அக்கா. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, அம்மா தனக்காகக் கையெழுத்துப் போடவில்லை, வேறு யாருக்கோ சாட்சி போட்டிருக்கிறாள் என்று சொன்னேன். ஆபரேஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவளைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்றேன், அவ்வளவுதான்.

சின்னவள்

மார்ச் 7

தங்கைக்கு,

உன் கடிதத்தைப் பணிமனையில் ஒரு தரம் படித்தேன், வீட்டுக்கு வந்து ஒரு தரம் படித்தேன். இரண்டு இடத்திலும் ஒரே அளவுதான் கோபம் வந்தது.

கையெழுத்து மேல் கோட்டில் இருந்தால் என்ன, கீழ்க் கோட்டில் இருந்தால் என்ன? கட்டி இருப்பது அம்மாவுக்குத்தானே? மத்தியானம் சாப்பிட்டாளா இல்லையா என்று சாயங்காலம் சொல்லத் தெரியாதவளிடம் போய், புற்றுக்கு என்ன வைத்தியம் வேண்டும் என்று கேட்கப் போகிறாயா? நான் இங்கே ஒரு நாளைக்கு நூற்றெழுபது பேருந்தை நேரத்துக்குக் கிளப்பி அனுப்புகிறவள். கிளம்புகிற வண்டியில் ஏறி, நிஜமாகவே போகணுமா என்று பயணியை யாரும் கேட்பதில்லை.

பெரிய டாக்டரிடம் நானே பேசினேன். இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போனால் ஆபத்தில்லை என்கிறார். அதற்கு மேல் அவரும் பொறுப்பேற்க மாட்டார். மூத்த பிள்ளை கையெழுத்துப் போட்டால் போதும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். படிவத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் போட்டு அனுப்பிவிடுவேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் எனக்குக் கவலை இல்லை. ஆறு வருஷமாக நீ ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறாய். நீ களைத்துப்போயிருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அம்மா வேண்டாம் என்று சொன்னால், உனக்குக் கொஞ்சம்... இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. நீயே உன் மனசைத் தொட்டுப் பார்.

அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

தொட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நீ சொன்னது பொய் என்று ஒரே வரியில் எழுதிப்போட ஆசைதான். ஆனால் போன வருஷம் ஒரு நாள், அவள் குளியலறைக் கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் திறக்காதபோது, இது எப்போது முடியும் என்று நான் நினைத்தது உண்டு. அதை மறைத்து உன்னிடம் நல்ல பெயர் வாங்க வேண்டாம். அதனால்தான் முடிவு என் கையிலும் இருக்கக் கூடாது என்கிறேன். உன் கையிலும் கூடாது.

தப்பான வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிற பயணியைக் கேட்பார்கள்தானே? உன் பணிமனையிலும் கேட்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். மூத்த பிள்ளை கையெழுத்து என்று உன்னிடம் சொன்னவர் அரைகுறை. அதே ஆஸ்பத்திரியில் இந்த மாதிரி நோயாளிகள் முடிவெடுக்கக் கூட இருந்து உதவுவதற்கென்றே ஒரு அம்மா இருக்கிறார். கை நிறையப் படம் போட்ட அட்டைகளோடு திரிவதால் எல்லாரும் 'அட்டைக்காரம்மா' என்கிறார்கள். ஐம்பது வயது இருக்கும். சிரிக்கவே மாட்டார், ஆனால் அவசரமும் படமாட்டார்.

நீ கேட்டதையே நானும் கேட்டேன். மறதி நோய் உள்ளவள் எப்படி முடிவெடுப்பாள் என்று. அவர் திருப்பிக் கேட்டார்.

"காலைல உங்கம்மா எந்தப் புடவை வேணும்னு சொல்வாங்களா?"

"அதுக்குச் சண்டையே போடுவாங்க."

"அப்ப முடிவெடுக்கத் தெரியுது. இது அதைவிடப் பெருசு. இதுவும் முடியுமான்றது எப்பக் கேட்கறோம், எப்படிக் கேட்கறோம்றதைப் பொறுத்தது. நீங்க எப்பக் கேட்டீங்க?"

அக்கா, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வீட்டில் சாப்பிட்டு ஓய்வாக இருந்தால்தான் காலை பத்து மணிவாக்கில் அம்மா தெளிவாக இருப்பாள். அன்றைக்கு ஏழு மணிக்கே கிளப்பி, மூன்று மணி நேரம் வரிசையில் உட்கார வைத்து, பசியோடு கூட்டிக்கொண்டு போனேன். அதைவிட, படிக்கிற கண்ணாடி வீட்டிலேயே கிடந்தது. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள் பெற்ற தாயைத் தூரப் பார்வைக் கண்ணாடியோடு கூட்டிப்போய்ப் படிவத்துக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறேன். அவளுக்கு அதில் கோடுகள்தான் தெரிந்திருக்கும். கோட்டைப் பார்த்ததும் கை பழைய இடத்துக்குப் போய்விட்டது.

நாளை மறுநாள் அட்டைக்காரம்மா வீட்டுக்கே வருகிறார். மூன்று நாள், மூன்று தரம் கேட்பாராம். எல்லா உதவியும் செய்தும் அம்மாவுக்குப் பிடிபடவில்லை என்றால், டாக்டர், நீ, நான் எல்லாரும் உட்கார்ந்து அவளுக்கு எது நல்லது என்று பேசலாமாம். அதுவரை உன் படிவத்தில் கை வைக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

சின்னவள்

மார்ச் 14

பொடிசுக்கு,

குளியலறை விஷயத்தை நீ எழுதியிருக்க வேண்டாம். நான் அப்படிக் கேட்டிருக்கவும் வேண்டாம். அதை இத்தோடு விடு.

ஆனால் மற்றதில் நான் மாறவில்லை. அம்மாவிடம் நீ எப்படிக் கேட்கிறாயோ அப்படித்தான் பதில் வரும். 'கத்தி வைத்து அறுப்பார்கள், வேண்டுமா?' என்றால் யார் வேண்டும் என்பார்கள்? நீ பக்கத்தில் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாலே போதும், அவள் அதைப் பார்த்துத்தான் சொல்வாள். சின்ன வயதில் நீ அழுதால் தீர்ப்பு உன் பக்கம்தான்.

படிவம் வந்துவிட்டது. மேசை மேல் இருக்கிறது. போடவில்லை. இருபத்தைந்தாம் தேதி வரை பொறுப்பேன்.

எனக்கு அம்மா வேண்டும். அவ்வளவுதான். அதை எப்படி நாகரிகமாகச் சொல்வது என்று தெரியவில்லை.

அக்கா

மார்ச் 18

அக்காவுக்கு,

நீ சொன்னது நடந்தது. முதல் நாளே.

வியாழக்கிழமை பத்து மணி. டீ குடித்தாகிவிட்டது, சரியான கண்ணாடி, ரேடியோவை நிறுத்தியாகிவிட்டது. அட்டைக்காரம்மா எதிரே உட்காராமல் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு அட்டையை எடுத்து வைத்து ஒரே ஒரு விஷயம் சொன்னார். அம்மா "சரி, சரி" என்றாள். நான் பொறுக்க முடியாமல், "ஆபரேஷன்னா ரொம்ப வலிக்கும்மா" என்று நடுவில் நுழைந்துவிட்டேன். அம்மா உடனே என் முகத்தைப் பார்த்து, "அப்ப வேணாம்" என்றாள்.

அட்டைக்காரம்மா அட்டையை மூடிவிட்டார். "இன்னைக்கு இது செல்லாது" என்றார். அம்மாவிடம் இல்லை, என்னிடம். அடுத்த இரண்டு தரமும் நான் சமையலறையில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. கதவு திறந்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. விழுந்தபடியே எழுதுகிறேன், என் சரக்கு எதையும் சேர்க்கவில்லை.

சனிக்கிழமை அவர் அம்மாவிடம் 'சரியா, புரிஞ்சுதா' என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் அம்மா சரி என்றுதான் சொல்வாள் என்பது அவருக்குப் பிடிபட்டுவிட்டது. "நான் சொன்னதை உங்க வார்த்தைல எனக்குச் சொல்லுங்க" என்றார். அம்மா அழகாகச் சொன்னாள். ஆனால் "அந்தப் பேஷண்டுக்கு" என்றே சொன்னாள். ஜன்னலோரப் பெட்டு அம்மா இன்னும் போகவில்லை.

அட்டைக்காரம்மா அட்டைகளை ஓரமாக வைத்தார். பிறகு, "சிஸ்டர், அந்தக் கட்டி எங்க இருக்குன்னு உங்க கையால பாத்துச் சொல்றீங்களா? உங்க இடது பக்கம்" என்றார்.

நான் எட்டிப் பார்த்துவிட்டேன், மன்னித்துக்கொள். அம்மா ரவிக்கைக்கு மேலேயே மூன்று விரலைச் சேர்த்து வைத்து, சுற்றிச் சுற்றி, அவர்கள் சோதிப்பார்களே, அந்த மாதிரி தேடினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. திரும்ப ஒரு தரம் அழுத்திப் பார்த்தாள்.

"இது என்னோடது" என்றாள்.

"ஆமா சிஸ்டர்."

"எப்ப இருந்து?"

"மூணு மாசமாத் தெரியும்."

"எங்கிட்ட யாரும் சொல்லல."

எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறோம் அக்கா. ஆனால் சொன்னது அவளுக்குப் போய்ச் சேரவில்லை என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது. சட்டியை வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். வெளியே கேட்காதபடிதான். தீர்ப்பு என் பக்கம் வர வேண்டாம் என்று.

அதற்குப் பிறகு அவளே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள். எந்த மாதிரிக் கட்டி, பரவியிருக்கிறதா, முழு மயக்க மருந்தா, எத்தனை மணி நேரம். அட்டைக்காரம்மா இரண்டு பக்கத்தையும் சொன்னார். வெட்டியெடுத்தால் கட்டி போய்விடும், திரும்ப வராமலிருக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் மயக்க மருந்துக்குப் பிறகு மறதி கூடலாம், கூடாமலும் இருக்கலாம். தினமும் ஒரு மாத்திரை சாப்பிட்டால் இந்த வகைக் கட்டி சில வருஷம் அடங்கி இருக்கலாம், ஆனால் போகாது, ஒரு நாள் திரும்ப வளரலாம். ஒன்றையும் குறைத்தும் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை.

அம்மா சொன்னது இது. "ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போறப்ப பேரு, ஊரு, பேத்தி படிக்கற கிளாஸ் எல்லாம் சொல்லிட்டுப் போவாங்க வயசானவங்க. வெளிய வந்தா நான் யாருன்னு என்னையே கேப்பாங்க. எத்தனை பேரைப் பாத்திருக்கேன். எனக்கு ஏற்கனவே பாதி போயிடுச்சு. மிச்சத்தை நான் வச்சுக்கறேன். மாத்திரை குடுங்க."

திங்கட்கிழமை அவர் வந்தபோது, சனிக்கிழமை நடந்தது எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை. அட்டைக்காரம்மாவையே புதிதாகப் பார்த்தாள். முதலிலிருந்து எல்லாம் சொல்லி, அட்டைகளை வரிசை மாற்றி வைத்து, மாத்திரையைப் பற்றி முதலில் சொல்லிக் கேட்டார். வார்த்தை வேறு, பதில் ஒன்றுதான். மாத்திரை.

உனக்குப் பிடிக்காது என்று தெரியும். எனக்கும் பிடித்ததா என்று தெரியவில்லை. நான் பயந்தபடி மனசு இலேசாகிவிடவில்லை, பாரம் கூடத்தான் செய்திருக்கிறது.

சின்னவள்

மார்ச் 20

பொடிசுக்கு,

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பிவிடுவேன். நானே கேட்க வேண்டும். நீ சமையலறையில்கூட இருக்கக் கூடாது, கடைக்குப் போய்விடு.

படிவத்தையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். இதை மறைத்துக்கொண்டு வர விருப்பமில்லை.

அக்கா

மார்ச் 24

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து வந்தால் நீ இல்லை. மத்தியானமே கிளம்பிவிட்டாய் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அம்மா சாப்பிட்டு, தலை வாரி, சுத்தமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அலமாரியில் அவள் துணியெல்லாம் உன் பாணியில் கோடு போட்டாற்போல் அடுக்கியிருந்தது. ஒரு சீட்டுகூட எழுதி வைக்கவில்லை நீ.

அம்மாவைக் கேட்டால், "ஆஸ்பத்திரிலேர்ந்து ஒரு அம்மா வந்துட்டுப் போனாங்க, நல்ல மாதிரி" என்கிறாள். சனிக்கிழமை உன்னைக் கண்டுகொண்டவளுக்கு இப்போது நீ வந்ததே ஞாபகம் இல்லை. அதில்தான் மனசு விட்டுப் போய்க் கிளம்பிவிட்டாயா? அவளை என்ன கேட்டாய்? கையெழுத்துப் போட்டுவிட்டாயா?

நாளை இருபத்தைந்து. போட்டிருந்தால் போட்டேன் என்று எழுது. சண்டை போட என்னிடம் தெம்பு இல்லை.

சின்னவள்

மார்ச் 27

என் பொடிசுக்கு,

முதலில் உனக்கு வேண்டியது. கையெழுத்துப் போடவில்லை. பெரிய டாக்டரிடம் நேற்றுப் பேசி, அம்மா மாத்திரை போதும் என்று முடிவு செய்திருக்கிறாள், நானும் கேட்டேன், அதுதான் அவள் முடிவு என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை நீ அவரைப் போய்ப் பார்க்க வேண்டும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டுக்கொள். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு தரமும் நான் வருவேன். மாதத்தில் ஒரு வாரம் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ அந்த வாரம் தூங்கு, ஊர் சுற்று, என்ன வேண்டுமானாலும் செய். இதில் விவாதம் கிடையாது.

சொல்லாமல் வந்ததற்குக் காரணம், அன்றைக்கு என்னால் யாரிடமும் பேச முடியாமல் போனதுதான்.

சனிக்கிழமை அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள், நீயும் பார்த்தாய். அதனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தைரியமாகப் படிவத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். காகிதத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. நான் ஆஸ்பத்திரி ஆள் ஆகிவிட்டேன்.

"ஆபரேஷன் வேணாம்னுதான் முடிவு பண்ணியிருக்கேன்" என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. "மாத்திரைதான். எழுதிக்கலையா நீங்க?"

எல்லாம் மறந்துவிடுகிறவளுக்கு இது மட்டும் எப்படித் தங்கியது என்று எனக்குப் புரியவில்லை. எதற்கு என்று கேட்டேன். மாத்திரை சாப்பிட்டாலும் கட்டி திரும்ப வளரலாமே என்றேன். என் குரலை நானே கேட்டேன், வழக்கு நடத்துகிற மாதிரி இருந்தது.

"வளரட்டும்மா. வளர்ந்தா அப்ப பாத்துக்கலாம். அதுவரைக்கும் நான் நானா இருப்பேன்ல?"

அவளே தொடர்ந்தாள்.

"எனக்கு ரெண்டு பொண்ணு. சின்னவ என்கூட இருக்கா. அழுவா, ஆனா தாங்கிக்குவா. பெரியவதான் தாங்க மாட்டா. வெளியூர்ல இருக்கா, பெரிய உத்தியோகம். அவளுக்கு எல்லாம் நேரத்துக்கு நடக்கணும். நான் போறதுக்குக்கூட அவதான் நேரம் குறிச்சுக் குடுக்கணும்." சிரித்தாள், பொடிசு. அந்தப் பழைய சிரிப்பு. "அவகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். நான் சொன்னா கேக்க மாட்டா."

"என்ன சொல்லணும்?" என்றேன்.

"அம்மாவை யாரும் ஏமாத்தல, கட்டாயப்படுத்தல, பக்கத்துல உக்காந்து கேட்டாங்க, அவங்களேதான் சொன்னாங்கன்னு சொல்லுங்க. அவ கோபப்படுவா. அது கோபம் இல்லம்மா, பயம். சின்னதுலேர்ந்தே அப்படித்தான். போன்ல சொல்லாதீங்க, தனியா இருப்பா. நேர்ல போய், கையப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டுவதற்காக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா